கிண்டி கேம்பஸ்ல யாரெல்லாம் படிக்கிறாங்க? அண்ணா யூனிவர்சிட்டில சேரப்போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பன்னெண்டாவது ரிசல்ட் வந்து கட்-ஆஃப் கணக்கு போட்டு முடிச்ச கையோட எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிடும். அக்கா அங்க பசங்க எப்படி, எல்லாரும் பீட்டர் விடுவாங்களா, நம்மள மாதிரி ஆளுங்க இருப்பாங்களா, இதேதான் வருஷா வருஷம். நான் செய்யாறு பக்கத்துல ஒரு கிராமம், கவர்ன்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், வீட்ல முதல் பட்டதாரி, கிண்டில நாலு வருஷம் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (நிலம் அளக்குறது, மேப், சாட்டிலைட் படம் பத்தின படிப்பு) படிச்சேன். ஃபோன்ல ஒவ்வொருத்தருக்கா சொன்னதை எல்லாம் இங்க ஒண்ணா எழுதி வெச்சிருக்கேன், பாடத்தைப் பத்தி இல்ல, கூடப் படிக்கப்போற மனுஷங்களைப் பத்தி.

எங்க பக்கத்து வீட்டு அண்ணனும் அண்ணா யூனிவர்சிட்டின்னுதான் சொல்றாரு, ஆனா அவர் காலேஜ் வேற ஊர்ல இருக்கே?

அவர் சொல்றதும் சரிதான். தமிழ்நாடு முழுக்க 400க்கும் மேல இன்ஜினியரிங் காலேஜுங்க அண்ணா யூனிவர்சிட்டியோட இணைஞ்சிருக்கு, அவங்களுக்கும் டிகிரி இங்க இருந்துதான் வரும். ஆனா நான் இங்க பேசுறது யூனிவர்சிட்டியோட சொந்த கேம்பஸ் நாலைப் பத்தி மட்டும். கிண்டில மூணு இருக்கு: சிஇஜின்னு சொல்ற காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங், ஏசிடின்னு சொல்ற அழகப்பா காலேஜ் ஆஃப் டெக்னாலஜி, எஸ்ஏபின்னு சொல்ற ஆர்க்கிடெக்சர் ஸ்கூல். நாலாவது குரோம்பேட்டைல இருக்குற எம்ஐடி, அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. இந்த நாலையும் சேர்த்து 1978ல யூனிவர்சிட்டி ஆக்குனாங்க, ஆனா காலேஜுங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, சிஇஜி 1794ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நிலம் அளக்க ஆள் தயார் பண்ண ஆரம்பிச்ச சர்வே ஸ்கூல்ல இருந்து வளர்ந்தது. அப்புறம் சிதம்பரத்துல இருக்குறது அண்ணாமலை யூனிவர்சிட்டி, அது முழுக்க வேற. அப்ளிகேஷன் போடும்போது இதுல குழம்புற பெத்தவங்க இன்னும் இருக்காங்க, அதனாலதான் சொல்றேன்.

எல்லாரும் 199, 200 எடுத்த ஆளுங்கதானா?

இல்ல. கட்-ஆஃப்னா கணக்கு 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, மொத்தம் 200. நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையோட போயிடுச்சு, அதனால பன்னெண்டாவது மார்க்தான் எல்லாமே. அந்த மார்க்கை வெச்சு ரேங்க் போட்டு கவுன்சிலிங்ல சீட் எடுக்கணும். 31 சதவீதம் பொதுப் போட்டி, மீதி 69 சதவீதம் இட ஒதுக்கீடு: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. அது இல்லாம 2021ல இருந்து அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்திருக்கு.

இப்படி எடுக்குறதால கிளாஸ்ல உக்காந்து பாத்தா என்ன தெரியும்னா, முதல் பெஞ்சுல ஒரு பொண்ணு ஒன்பதாவதுலயே பதினொண்ணாவது பாடம் ஆரம்பிச்ச ஸ்கூல்ல இருந்து வந்திருப்பா, அவ பக்கத்துலயே ஃபிசிக்ஸுக்கு வாத்தியாரே அரை வருஷம் இல்லாத ஸ்கூல்ல இருந்து வந்த பையன் இருப்பான். ரெண்டு பேரும் அவங்கவங்க ஊர்ல டாப்பர். இதை மனசுல வெச்சுக்கிட்டுப் போங்க, ஏன்னா முதல் மாசத்துல எல்லாருக்குமே ஒரு அடி விழும். அதுவரைக்கும் நம்மதான் ஃபர்ஸ்ட்டுன்னு இருந்தவங்க அறுபது பேரை ஒரே ரூம்ல உக்கார வெச்சா ஒருத்தர்தானே ஃபர்ஸ்ட் வர முடியும்?

கோட்டால வந்தா வேற மாதிரி பாப்பாங்களா?

இந்தக் கேள்வியக் கேக்கும்போது நிறைய பேர் குரல் தாழ்ந்துடும், எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கும். முதல் செமஸ்டர்ல சில பேர் உன் கட்-ஆஃப் என்ன, உன் ரேங்க் என்னன்னு கேப்பாங்க. கேக்குறது எதுக்குன்னு நமக்கும் புரியும். சொல்ல இஷ்டம் இருந்தா சொல்லுங்க, இல்லன்னா சொல்லாதீங்க, கட்டாயம் ஒண்ணும் இல்ல. நான் பாத்த வரைக்கும் மூணாவது செமஸ்டர் வந்ததும் யார் எந்த லிஸ்ட்ல வந்தாங்கன்னு மார்க்கை வெச்சு யாராலயும் கண்டுபிடிக்க முடியல. கோச்சிங்ல மனப்பாடம் பண்ணி வந்தவங்க சில பேர் தடுமாறினாங்க, தானா படிச்சுப் பழகினவங்க சில பேர் மேல வந்தாங்க, மாறியும் நடந்துச்சு. நம்ம இடத்துக்கு நம்ம சட்டப்படி உரிமையோடதான் வந்திருக்கோம், யாரோட சீட்டையும் பிடுங்கல. யாராவது ஜாதியச் சொல்லி கிண்டல் பண்ணா அதைத் தாங்கிக்கிட்டு போகணும்னு அவசியமே இல்ல, டிபார்ட்மென்ட்ல எழுதிக் குடுங்க, எஸ்சி எஸ்டி செல் இருக்கு.

எந்த ஊர்ப் பசங்க அதிகம்? சென்னைதானா?

எல்லா மாவட்டமும் இருக்கும். சென்னைப் பசங்க இருக்காங்க, நாமக்கல் ராசிபுரம் பக்கம் பெரிய ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல படிச்சிட்டு வர்றவங்க இருக்காங்க (அவங்க சொந்த ஊர் வேற எங்கயாவது இருக்கும், படிச்சது மட்டும் அங்க), நாகர்கோவில்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஆள் உண்டு. என் ஹாஸ்டல் ரூம்ல நாங்க நாலு பேர். ஒருத்தி கோபிசெட்டிபாளையம், ஒருத்தி தூத்துக்குடி, ஒருத்தி மதுரை, நான். கோபிக்காரி எதுக்கெடுத்தாலும் "ஏனுங்க"ம்பா, தூத்துக்குடிக்காரி "ஏட்டி இங்க வா"ம்பா, மதுரைக்காரி "அவிங்க வந்தாய்ங்க"ம்பா. முதல் வாரம் ஒருத்திய ஒருத்தி திருப்பிக் கேட்டுக்கிட்டே இருந்தோம். ரெண்டாவது வருஷம் ஊருக்குப் போனப்போ நான் "ஏட்டி"ன்னு கூப்பிட்டுட்டேன், எங்க அம்மா திரும்பிப் பாத்து "யாருடி இவ"ன்னு கேட்டாங்க.

வெளிநாட்டுல வளர்ந்த தமிழ்ப் பசங்களும் இருப்பாங்க, கல்ஃப்ல வேலை பாக்குறவங்க பிள்ளைங்களுக்கு தனியா சீட் உண்டு. வேற மாநிலத்துப் பசங்கள பிஇல ரொம்பப் பாக்க முடியாது, எம்இ பிஹெச்டில பாக்கலாம்.

பொண்ணுங்க இருப்பாங்களா, இல்ல பசங்க மட்டும்தான் இருப்பாங்களா?

தாராளமா இருக்காங்க. பயோமெடிக்கல், ஐடி, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆர்க்கிடெக்சர் பக்கம் போனா நிறைய, மெக்கானிக்கல் மாதிரி டிபார்ட்மென்ட்ல இன்னும் கம்மிதான், அங்க சேர்ற பொண்ணுங்க ஒருத்தரோட ஒருத்தர் ரொம்ப ஒட்டா இருப்பாங்க.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, தெரியாதவங்க தெரிஞ்சுக்கணும். 1940ல லலிதான்னு ஒருத்தங்க சிஇஜில எலக்ட்ரிக்கல் படிக்கச் சேர்ந்தாங்க. 18 வயசுல கணவர் இறந்துட்டாரு, கையில குழந்தை. அப்பா அங்கயே ப்ரொஃபசர், அவர்தான் பேசி சேத்துவிட்டாரு. ஆம்பளைங்க மட்டுமே படிச்ச இடம், அவங்க ஒருத்தி தனியா இருந்தா சரியா வராதுன்னு இன்னும் பொண்ணுங்க வரலாம்னு அறிவிச்சு தெரசியா, லீலம்மா ஜார்ஜ்னு ரெண்டு பேர் சிவில்ல வந்தாங்க. இந்தியாவோட முதல் பெண் இன்ஜினியர்கள் வரிசைல அவங்க மூணு பேரும் இருக்காங்க. சர்டிஃபிகேட்ல "அவன்"னு அர்த்தம் வர்ற வார்த்தைதான் அச்சடிச்சு இருந்துச்சாம், அதைப் பேனாவால அடிச்சிட்டு "அவள்"னு எழுதிக் குடுத்தாங்க. தெரசியா அப்புறம் கேரளால பொதுப்பணித் துறைல தலைமைப் பொறியாளர் வரைக்கும் போனாங்க. இந்தக் கதைய எனக்கு ஒரு சீனியர் அக்கா செங்கல் கட்டிடத்துப் படியில உக்காந்து சொன்னாங்க, அந்த சிவப்புக் கட்டிடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடிச்ச வார்த்தைதான் ஞாபகம் வரும்.

எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுவாங்களா? எனக்கு சுத்தமா வராதே?

ஃபோன் பண்றவங்கள்ல பாதிப் பேர் சுத்தி வளைச்சு இதுக்குத்தான் வருவாங்க.

கிளாஸ் இங்கிலீஷ்ல நடக்கும். நிறைய ஸ்டாஃப் தமிழ் கலந்து சொல்லுவாங்க, சில பேர் சொல்ல மாட்டாங்க. பரீட்சை இங்கிலீஷ். ஆனா கேன்டீன்ல, ஹாஸ்டல்ல, லேப் வாசல்ல, கிரவுண்ட்ல தமிழ்தான் ஓடும், அதுவும் எல்லா ஊர்த் தமிழும். சிட்டி ஸ்கூல்ல இருந்து வந்தவங்க ஒரு கூட்டமா இங்கிலீஷ்ல பேசிட்டு இருப்பாங்க. முதல்ல அது சுவர் மாதிரி தெரியும். அவங்க நம்மள ஒதுக்கணும்னு பேசல, அவங்களுக்கு அதான் பழக்கம், நமக்குத்தான் உள்ள ஒரு பயம். ரெண்டு பக்கமும் பயந்துக்கிட்டு நின்னா சுவர் அப்படியே நிக்கும்.

எனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். முதல் வருஷம் ஃபிசிக்ஸ் லேப் வைவா, அதாவது வாயால பதில் சொல்ற பரீட்சை. ஸ்பெக்ட்ரோமீட்டர்ல ரீடிங் எல்லாம் சரியா எடுத்துட்டேன், கணக்கும் சரி. நீ எடுக்குற இந்தக் கோணத்துக்கு என்ன பேருன்னு கேட்டாங்க, பதில் எனக்குத் தெரியும், "திசைமாற்றக் கோணம்"னு வாய்க்குள்ள இருக்கு, இங்கிலீஷ்ல வரல. கை வேர்த்து ரெக்கார்டு நோட்டோட அட்டை ஈரம் ஆயிடுச்சு. தமிழ்ல சொல்லும்மான்னாங்க. சொன்னேன். தலையாட்டிட்டு அந்த இங்கிலீஷ் வார்த்தைய ஒரு தாள்ல எழுதிக் குடுத்து நாளைக்கு இதையே இங்கிலீஷ்ல வந்து சொல்லுன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நானும் தூத்துக்குடிக்காரியும் ஒரு நோட்டு போட்டோம், இடது பக்கம் நமக்குத் தெரிஞ்ச தமிழ் வார்த்தை, வலது பக்கம் இங்கிலீஷ். ஒரு செமஸ்டர் முழுக்க அந்த நோட்டு ஓடுச்சு, ரெண்டாவது செமஸ்டர்ல பாதிக்கு மேல தேவைப்படல. தமிழ் மீடியத்துல இருந்து வர்ற எல்லார்கிட்டயும் நான் சொல்றது இந்த நோட்டைத்தான். பாடம் நமக்குத் தெரியும், பேர்தான் மாறுது.

இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் சாரையே பாருங்க, நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளைல விவசாயி வீட்டுப் பிள்ளை, அரசுப் பள்ளில தமிழ் மீடியம், குடும்பத்துல முதல் பட்டதாரி, 1980ல நம்ம எம்ஐடில ஏரோநாட்டிக்கல் முடிச்சாரு. சிவில், மெக்கானிக்கல் தமிழ் மீடியத்துலயே படிக்கிற வழியும் 2010ல இருந்து இருக்கு. எடுக்கலாமா வேணாமான்னு கேட்டா, அது அவங்கவங்க மனசு, ஆனா பயத்துல மட்டும் எடுக்காதீங்கன்னு சொல்லுவேன்.

ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்களா? நான் கொஞ்சம் கூச்ச சுபாவம்.

கிடைப்பாங்க, ஆனா முதல் வாரத்துல கிடைச்சவங்கதான் கடைசி வரைக்கும்னு நினைக்காதீங்க. முதல் வாரம் ரோல் நம்பர் பக்கத்துல இருக்குறவங்க, பஸ் ரூட் ஒண்ணா இருக்குறவங்க, ஊர் ஒண்ணா இருக்குறவங்கன்னு சேருவாங்க. உண்மையான சேர்மானம் வேலை செய்யும்போதுதான் வரும், லேப் பேட்ச், ப்ராஜெக்ட் டீம், எங்களுக்கு வெளிய போய் நிலம் அளந்து பழகுற சர்வே கேம்ப்.

சர்வே கேம்ப்ல எங்க டீம்ல ஆறு பேர். ஒரு பொண்ணு சென்னை, பெரிய ஸ்கூல், இங்கிலீஷ் தண்ணி மாதிரி. ஒரு பையன் விழுப்புரம் பக்கம், ரெண்டு வருஷமா கிளாஸ்ல வாயே தொறந்ததில்ல. சரிவுல கருவிய வெக்கிற ட்ரைபாட் நிக்கவே மாட்டேங்குது, அந்தப் பொண்ணு அரை மணி நேரமா மட்டம் சரி பண்ற ஃபுட் ஸ்க்ரூவத் திருகிக்கிட்டே இருக்கா, மட்டம் காட்டுற குமிழ் நடுவுக்கு வரல, வெயில்ல கண்ணு கலங்கிடுச்சு. இவன் வந்தான், ட்ரைபாட் காலை ஒண்ணு பின்னால தள்ளி வெச்சு மிதிச்சான், ரெண்டு ஸ்க்ரூவ ஒரே நேரத்துல உள்பக்கமா திருப்பினான், குமிழ் வந்து நடுவுல உக்காந்துச்சு. எப்படிடான்னு கேட்டோம். எங்க அப்பா கொத்தனார், ரசமட்டம் பாத்து வளர்ந்தவன்னான். அவ்ளோதான் பேசுனான். அன்னிக்கு சாயந்திரம் கணக்கு டேலி ஆகல, குளோசிங் எரர் (அளந்துட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வரும்போது வர்ற வித்தியாசம்) பெருசா வருது, அந்தப் பொண்ணுதான் ஃபீல்டு புக்கை முதல்ல இருந்து ஒவ்வொரு வரியா பாத்து ஒரு இடத்துல 6ஐ 9ன்னு படிச்சிருக்கோம்னு கண்டுபிடிச்சா (டம்பி லெவல்ங்குற பழைய மட்டக் கருவி வழியா பாத்தா தூரத்துல நிறுத்துன அளவுகோல் தலைகீழா தெரியும், அதுல வர்ற வழக்கமான தப்பு). அதுக்கப்புறம் நாலாவது வருஷ ப்ராஜெக்ட் வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் ஒரே டீம். அவன் இங்கிலீஷ்ல ப்ரெசன்டேஷன் குடுத்தான், ஸ்லைடை திருத்திக் குடுத்தது அவ.

ஹாஸ்டலர், டே ஸ்காலர்னு ரெண்டு கட்சியா இருப்பாங்களாமே?

கட்சின்னு சொல்ல முடியாது, ஆனா வாழ்க்கை வேற வேற. டே ஸ்காலர் நாலரை மணிக்கு மேல பஸ், ட்ரெய்ன் பிடிக்க ஓடணும். ஹாஸ்டலருக்கு அப்போதான் நாள் ஆரம்பிக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு ரூம்ல பத்து பேர் தரையில உக்காந்திருப்பாங்க, ஒருத்தி பாடம் எடுப்பா, மத்தவங்க கேட்டுக்கிட்டு இருப்பாங்க, என் பாதி டிகிரி அப்படித்தான் வந்துச்சு. டே ஸ்காலர் ஃப்ரெண்ட்ஸுக்கு இது கிடைக்காது, பதிலுக்கு அவங்க வீட்டுச் சாப்பாட்டை டிஃபன் பாக்ஸ்ல கொண்டு வந்து நமக்குத்தான் குடுப்பாங்க. சென்னைல வீடு இருந்தும் தூரமா இருந்தா, சாயந்திரம் பக்கத்துல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல உக்காந்து படிச்சிட்டுப் போற பழக்கம் வெச்சுக்கிட்டவங்க நிறைய.

பணக்காரப் பசங்க நடுவுல சங்கடமா இருக்குமா?

கார்ல வந்து இறங்குறவங்களும் உண்டு, மெஸ் பில் வர்ற நாள்ல முகம் வாடுறவங்களும் உண்டு. ஆனா இது அரசு யூனிவர்சிட்டி, ஃபீஸ் ப்ரைவேட் காலேஜ் மாதிரி இல்ல, அதனாலயே சாதாரண வீட்டுப் பிள்ளைங்க இங்க அதிகம். யார் யாரோட அப்பா என்ன வேலைன்னு கேட்டா டெய்லர், பஸ் கண்டக்டர், விவசாயம், டீச்சர், பேங்க், டாக்டர் எல்லாம் ஒரே கிளாஸ்ல வரும்.

உதவிங்க என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க, இது முக்கியம். முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸ் சலுகை உண்டு, கவுன்சிலிங் அப்ளிகேஷன் போடும்போதே சர்டிஃபிகேட் வேணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. 7.5 சதவீதத்துல வர்றவங்களுக்கு டியூஷன், ஹாஸ்டல் செலவை அரசே ஏத்துக்குது. அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா 2022ல இருந்து வருது, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு 2024ல ஆரம்பிச்சாங்க. அது சின்னப் பணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஹாஸ்டல்ல இருக்குற பொண்ணுக்கு மாசம் 1000 ரூபான்னா வீட்டுல கேக்காம வாழ்ற தைரியம்.

கலாம் ஐயா எம்ஐடில சேரும்போது ஃபீஸ் கட்ட கிட்டத்தட்ட 1000 ரூபா தேவைப்பட்டுச்சு, அவரோட அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் செயினையும் அடகு வெச்சுத்தான் கட்டுனாங்க. இன்னிக்கும் இந்த கேம்பஸ்ல அப்படி அடகுக்கடை ரசீதோட வர்ற வீடுங்க இருக்கு. பணம் கம்மியா இருக்குன்னு கூச்சப்பட்டுக்கிட்டு ட்ரிப்புக்கு வரல, ட்ரீட்டுக்கு வரலன்னு ஒதுங்காதீங்க, என்கிட்ட இல்லன்னு சொல்லிப் பாருங்க, கூட ரெண்டு பேர் எங்ககிட்டயும் இல்லன்னு சொல்லுவாங்க.

ராகிங் இருக்கா?

1996ல தமிழ்நாட்டுல ஒரு மருத்துவ மாணவரை ராகிங்ல கொன்னாங்க, அடுத்த வருஷமே ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு, நம்ம மாநிலத்துலதான் முதல்ல. அதனால இங்க ராகிங் சட்டப்படி குற்றம். சீனியர் பேர் கேப்பாங்க, ஊர் கேப்பாங்க, அதுல தப்பில்ல, பாதி உதவி அவங்ககிட்ட இருந்துதான் வரும். மனசு நோகுற மாதிரி எதாவது நடந்தா அது விளையாட்டு கிடையாது, 1800-180-5522 இலவச நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

பொண்ணை அனுப்ப பயமா இருக்கு, அந்த கேஸுக்கு அப்புறம்...

எங்க அம்மாவும் அன்னிக்கு எனக்கு ஃபோன் பண்ணாங்க. 2024 டிசம்பர்ல கேம்பஸ் உள்ளயே ஒரு மாணவிக்கு வெளியாள் ஒருத்தன் பாலியல் வன்கொடுமை செஞ்சான். அந்தப் பொண்ணு மறைக்காம புகார் குடுத்தா, அஞ்சாறு மாசத்துல வழக்கு முடிஞ்சு 2025 ஜூன்ல குறைஞ்சது 30 வருஷம் வெளிய வர முடியாத ஆயுள் தண்டனை விழுந்துச்சு. நடக்கவே கூடாதது நடந்துச்சு, அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனசு வராது. ஆனா அந்தப் பொண்ணோட தைரியத்தைப் பாத்து மாணவிங்க எவ்ளோ பேர் வெளிய வந்து நின்னாங்கன்னும் சொல்லணும். பெத்தவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: எது நடந்தாலும் முதல்ல உங்ககிட்ட சொல்ற மாதிரி பொண்ணை வெச்சுக்கங்க. "நீ ஏன் அங்க போன"ன்னு கேப்பாங்கன்னு பயந்துதான் பொண்ணுங்க வாய மூடிக்கிறாங்க.

புத்தகப் புழுக்கள் கூட்டமா, இல்ல வேற எதுவும் செய்வாங்களா?

படிப்பாங்க, ஓன்னு சொல்ற உச்ச கிரேடுக்கு சண்டை போடுறவங்க இருக்காங்க, அரியர் வெச்சு கடைசி வருஷம் கிளியர் பண்றவங்களும் இருக்காங்க. ஆனா இங்க எதையாவது நடத்துற கூட்டம்தான் ஜாஸ்தி. குருக்ஷேத்ரான்னு டெக் ஃபெஸ்ட், டெக்கோஃபெஸ்னு கல்ச்சுரல், ரெண்டையும் மாணவர்களே ஸ்பான்சர் பிடிக்கிறதுல இருந்து ஸ்டேஜ் போடுறது வரைக்கும் பண்ணுவாங்க. தியேட்ரான் நாடகம் போடும், கிண்டி டைம்ஸ் பத்திரிகை எழுதும், லியோ கிளப், ரோட்டராக்ட், என்எஸ்எஸ், என்சிசி எல்லாம் இருக்கு. ஊர்ல மேடையே ஏறாத பசங்க இங்க மைக் பிடிச்சு நிக்கிறதைப் பாத்திருக்கேன். ஒண்ணுல சேருங்க, அஞ்சுல சேராதீங்க, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் கேக்குறது நிஜம்.

கட்சி சார்ந்த மாணவர் தேர்தல், போஸ்டர், கோஷம் எல்லாம் டெல்லி பக்கத்து யூனிவர்சிட்டி மாதிரி இங்க கிடையாது.

சிஇஜியா எம்ஐடியா? பசங்க எப்படி வேற?

சிஇஜி பெருசு, கூட்டம் பெருசு, டிபார்ட்மென்ட் நிறைய, உங்க கிளாஸ் தாண்டி பழக நீங்களா போனாத்தான் உண்டு. எம்ஐடி சின்ன கேம்பஸ், 1949ல ராஜம்ங்குறவர் தன் வீட்டை வித்து ஆரம்பிச்சது, அங்க சீனியர் ஜூனியர் பாசம் கொஞ்சம் கூடுதல், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஏசிடில கெமிக்கல், டெக்ஸ்டைல், லெதர், செராமிக்னு தனி உலகம், சின்னச் சின்ன கிளாஸ். எஸ்ஏபி பசங்களை கையில ஷீட் ரோல், கண்ணுல தூக்கம், இந்த ரெண்டை வெச்சே கண்டுபிடிச்சிடலாம், ராத்திரி முழுக்க மாடல் ஒட்டிட்டு வருவாங்க.

எல்லாரும் ஐடி கம்பெனிக்குத்தான் போவாங்களா?

நிறைய பேர் போவாங்க, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும். வீட்டுக் கடன், தங்கச்சி படிப்புன்னு இருக்குறவங்களுக்கு முதல் சம்பளம் சீக்கிரம் வேணும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மீதிப் பேர் எம்இ சேர எழுதுற கேட் பரீட்சை, வெளிநாடு, யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி. அமுல் குரியன் இங்க மெக்கானிக்கல் படிச்சவர்தான், பால் பக்கம் போவோம்னு கிண்டில உக்காந்து அவரும் நினைச்சிருக்க மாட்டாரு.

முதல் நாள் அப்பா அம்மா உள்ள வரலாமா?

வரலாம், கூட்டிட்டு வாங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட், ஜெராக்ஸ் நாலு செட், ஃபோட்டோ வெச்சுக்கங்க. டிராஃப்டர் (இன்ஜினியரிங் டிராயிங் போடுற கருவி), லேப் கோட் எதுவும் முன்னாடியே வாங்காதீங்க, ஹாஸ்டல்ல சீனியர் குடுப்பாங்க. எனக்கு வந்த டிராஃப்டர்ல ஏற்கனவே மூணு பேர் பேர் கீறியிருந்தாங்க.

எங்க அப்பா லாரி டிரைவர். சேர்ற அன்னிக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டு வந்தாரு, ஆனா ஆஃபீஸ் உள்ள வரமாட்டேன்னுட்டாரு, நான் எதுக்கு நீ போய்ட்டு வான்னு வாசல்ல மரத்தடியிலயே நின்னுட்டாரு. எனக்கு உள்ள வரிசைல நிக்கும்போதெல்லாம் அவர் தனியா நிக்கிறாரேன்னுதான் இருந்துச்சு. மூணு மணி நேரம் கழிச்சு வெளிய வந்து பாக்குறேன், அவர் பக்கத்துல பேன்ட் ஷர்ட் போட்ட ஒருத்தர், கோபி பேங்க்ல மேனேஜராம், ரெண்டு பேரும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிச்சு நடுவுல வெச்சுக்கிட்டு பவானி ரோடு எந்த இடத்துல மோசம்னு பேசிட்டு இருக்காங்க. அவர் பொண்ணுதான் அன்னிக்கு சாயந்திரம் எங்க ரூமுக்கு பெட்டியோட வந்தா. "ஏனுங்க, இந்தக் கட்டில் யாருதுங்க?"ன்னு கேட்டா.